கூடலூர்க் கிணற்றுக்கு ஒரு சுறாக் கூண்டு

“மொதலாளி, அந்தக் கூண்டுக்குக் கம்பி எத்தன?”

தேனி கடைவீதியில், பம்புசெட் உதிரி சாமான் கடையின் கல்லாவில் உட்கார்ந்து வாஷர்களை நூலில் கோத்துக்கொண்டிருந்த ஞானசிகாமணி நிமிர்ந்து பார்த்தார். கூடலூர் சுருளியாண்டி. ஏழு ஏக்கர் திராட்சைக்காரர். பத்து வருட வாடிக்கை.

“எந்தக் கூண்டு?”

“ஆஸ்திரேலியாக் கடலுக்குள்ள நீங்க உள்ள நின்னுக்கிட்டுச் சுறாவப் பாத்தீகளே, அந்தக் கூண்டு.”

இந்தப் பேச்சை எடுத்தாலே ஞானசிகாமணியின் முதுகு தானாக நிமிரும். அன்றும் நிமிர்ந்தது.

“இருக்கும், முப்பது கம்பி. ஒண்ணொண்ணும் நம்ம கட்டைவெரல் தண்டி. அப்படியிருந்தும் அந்த வெள்ளைச் சுறா வந்து ஒரு முட்டு முட்டுச்சு பாரு...”

“ரெண்டு கம்பி வளைஞ்சு போச்சு. தெரியும் மொதலாளி, உத்தமபாளையத்துல நீங்க சொன்னத எங்கூரு ஆளுக கேட்டுட்டு வந்தாக. நம்ம தோட்டத்துக்கும் அப்படி ஒண்ணு அடிக்கணும்.”

“தோட்டத்துக்கு எதுக்குய்யா கூண்டு?”

“நீங்க எறங்கத்தான்.”

வாஷர்ச் சரம் கைநழுவி விழுந்து, வாஷர்கள் நாலு பக்கமும் உருண்டன.

விஷயம் இதுதான். சுருளியாண்டியின் கிணற்றில் குழாயின் அடி வால்வு கல் இடுக்கில் சிக்கிக்கொண்டு, மோட்டார் வெறும் காற்றை இழுத்து உறுமிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகளில் முங்கி வேலை பார்க்கிற பங்கிராஸ் உள்ளே இறங்கினார். இறங்கிய வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் மேலே வந்தார். குதிகாலில் ரத்தம். கீழே ஏதோ ஒன்று கடித்திருந்தது. பெரியாற்று வெள்ளத்தோடு வந்த முதலை என்றார்கள் சிலர். மலைப்பாம்பு என்றார்கள் சிலர். இரண்டுமே என்றார் டீக்கடைக்காரர். அதன்பிறகு கூடலூரில் ஒருத்தரும் அந்தக் கிணற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“நான் புது மோட்டாரே தர்றேன்யா. காசு மெதுவாக் குடு.”

“மோட்டாரு மேட்டுல இருக்கும். குழாய எறக்கிக் கட்ட ஆளு தண்ணிக்குள்ள எறங்கணும்ல? காய் பிடிக்கிற நேரம் மொதலாளி. பதினஞ்சு நாளுக்குள்ள தண்ணி பாயலேன்னா ஏழு ஏக்கரும் கருகிப் போகும். பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குத்தான் போகணும்.” சுருளியாண்டி ஒரு வாஷரைப் பொறுக்கிக் கல்லாவில் வைத்தார். “சுறாவையே மூக்குல தட்டுன ஆளு. இந்தச் சீவன் உங்களுக்கு எம்மாத்திரம்?”

ஞானசிகாமணிக்கு நீச்சல் தெரியாது. சுறாவும் தெரியாது.

போன வருஷம் அவர் ஆஸ்திரேலியா போனது மெய். அடிலெய்டில் தங்கை ஜெபமணி வீட்டில் நாற்பது நாள் இருந்ததும் மெய். அவள் புருஷன் ஏசுதாசன் அங்கே தண்ணீர் சப்ளை ஆபீசில் எஞ்சினீயர். ஒருநாள் மூன்று பேரும் விடிகாலையில் காரில் துறைமுகத்துக்குப் போனார்கள். அங்கே படகு நின்றது. படகில் கூண்டு நின்றது. ஆளைக் கூண்டுக்குள் வைத்துக் கடலில் இறக்குவார்கள். சுறா வந்து ஆளைப் பார்க்கும், ஆள் சுறாவைப் பார்க்கலாம் என்றார்கள். ஞானசிகாமணி படகுப் பலகையில் ஒரு காலை வைத்தார். பலகை ஆடியது. வைத்த காலை எடுத்துக்கொண்டார். ஏசுதாசனும் ஜெபமணியும் படகேறிப் போக, அவர் பகல் முழுவதும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து ஒரு பொட்டலம் முறுக்கைத் தின்று தீர்த்தார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் ஏசுதாசன் கூண்டுக் கதையைச் சொன்னார். கேட்பதற்கு ஞானசிகாமணி ஒருவர்தான் இருந்தார் என்பதால் மூன்று தடவை சொன்னார். ஜெபமணி, தலைமுடி இன்னும் காயவில்லை என்று ஹீட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்தக் கதை ஞானசிகாமணியோடு விமானம் ஏறியது. வழியில் எங்கேயோ, இந்துமாக் கடலுக்கு மேலே என்று வைத்துக்கொள்ளலாம், கதையில் இருந்த “மாப்பிள்ளை” இறங்கிக்கொண்டு “நான்” ஏறிக்கொண்டது.

அவர் மேலேயும் முழுக் குற்றம் சொல்வதற்கில்லை. அவருடைய சபையில் வெளியூர் போய்த் திரும்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று, கர்த்தர் தங்களை எப்படிக் காத்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். மதுரைக்குப் போய் வருகிறவர்களே பஸ் பஞ்சரானதைப் பத்து நிமிஷம் சொல்லுகிற சபை அது. ஆஸ்திரேலியா போனவர், ‘காருக்குள் முறுக்குத் தின்றேன், கர்த்தர் காத்தார்’ என்று சொல்லிவிட்டு எப்படி உட்காருவது?

எழுந்தார். சொன்னார். தேனியில் ஒரு சுறா வந்தது. சபையார் உருகினார்கள். போடியில் கூப்பிட்டார்கள், அங்கே இரண்டு சுறா வந்தது. உத்தமபாளையத்தில் கம்பி வளைந்தது. இவர் கையை நீட்டிச் சுறாவின் மூக்கில் ஒரு தட்டுத் தட்டி அதைத் திருப்பி அனுப்பினார். ஜெயமங்கலத்தில் மட்டும் ஒரு அம்மாள் குறுக்கே எழுந்து, “அது புட்டு வைக்கிற சுறாதான?” என்று கேட்டுச் சாட்சியின் சுருதியைக் கெடுத்துவிட்டாள்.

அந்தச் சாட்சிதான் இப்போது கூடலூரிலிருந்து ஜீப் ஏறி வந்து கல்லாவுக்கு முன்னால் நிற்கிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் நாலு ஊர்ச் சபையில் சொன்னதை ஒரு வாடிக்கைக்காரரிடம் எப்படித் திரும்ப எடுப்பது? செய்யவே முடியாத ஒன்றைக் கேட்டால் ஆள் தானாகப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டார்.

“எறங்குறதப் பத்தி ஒண்ணுமில்ல சுருளியாண்டி. ஆனா கூண்டு அளவுப்படி இருக்கணும். முக்கா இஞ்சு கம்பி, நாலு இஞ்சு எடவெளி, ஏழு அடி ஒசரம். வெல்டிங்குல ஒரு பொட்டுக் காத்து பூரக்கூடாது. நம்ம பக்கத்துல அதெல்லாம் ஆரு செய்வா?”

“அல்லிநகரத்துல ஆதித்தன் பட்டறை இருக்குல்ல?” என்று சொல்லிவிட்டு சுருளியாண்டி போனார்.

மூன்றாம் நாள் கூண்டு கடை வாசலில் வந்து இறங்கியது. ஏழு அடிக்கு எட்டு அடி இருந்தது. “மொதலாளி வளத்தியான ஆளு, தலை இடிக்கக்கூடாதுன்னு ஒரு அடி கூட்டிட்டேன்,” என்றார் ஆதித்தன் பெருமையாக. கூண்டைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பஸ்சிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் சர்க்கஸ் வருகிறதா என்று கேட்டார்கள். இல்லை, ஞானசிகாமணி போகிறார் என்று பதில் போயிற்று.

“கூண்டு சரி,” என்றார் ஞானசிகாமணி. “ரப்பர் உடுப்பு வேணுமே. அது சீமையில மட்டுந்தான் கெடைக்கும்.”

பஞ்சர்க் கடைக்காரர் கூட்டத்திலேயே நின்றார். இரண்டு லாரி டியூப், வயிற்றுப் பகுதிக்கு ஒரு டிராக்டர் டியூப். சேர வேண்டிய இடமெல்லாம் சூடு போட்டு ஒட்டி, ரெண்டே நாளில் உடுப்பு தயார். “சாமான்யத்துல கிழியாது மொதலாளி, லோடு தாங்கும். காத்துக்கு நம்ம கம்ப்ரசர்ல இருந்து குழாய் விட்டுருவோம். உங்களுக்கு எத்தன பவுண்டு காத்து வேணும்?”

ஞானசிகாமணிக்கு உள்ளே இருந்த காற்றும் போய்விட்டது.

வீட்டில் போய் மனைவி சாராளிடம் தஞ்சம் புகுந்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது கடையைப் பார்த்துக்கொள்ள அவளைத்தான் விட்டுவிட்டுப் போயிருந்தார்; அவளுக்கு அது இன்னும் ஆறவில்லை.

“சாராளு, நீ அந்தச் சுருளியாண்டிகிட்ட, எம்புருசன அனுப்பமாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. பொம்பள சொன்னா கேப்பான்.”

“ஏன், கடல்ல காப்பாத்துன கர்த்தரு கெணத்துல கைவிட்டுருவாரா?”

“கடலு வேற, கெணறு வேற.”

“என்னா வேற? அங்கனயும் கூண்டு, இங்கனயும் கூண்டு. தெனம் மூணு வேள அந்தக் கதையக் கேட்டுக் கேட்டு எனக்கே நீச்சல் வந்துருச்சு.” உற்றுப் பார்த்தாள். “ஆமா, வெந்நி ஒரு சொம்பு கொறஞ்சாலே குளிக்காத மனுசன், எப்படித்தான் அந்தக் குளிருல எறங்குனீகளோ!”

அதற்குமேல் அவளிடம் நிற்பது நல்லதல்ல என்று அவர் நகர்ந்துவிட்டார். சாராள் சுருளியாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தாள். மாதர் சங்கம் மொத்தமும் ஒரு வேன் பிடித்துக்கொண்டு வருகிறோம், உட்கார நிழல் இருக்கிறதா என்று கேட்டாள்.

இனி ஒரே வழிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், போதகர் சாட்சிக்கு அழைத்த உடனே ஞானசிகாமணி எழுந்தார்.

“சபையாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் கூண்டுக்குள் போகவில்லை. சுறாவைப் பார்க்கவும் இல்லை. அதில் எனக்கு ஒரு பங்கும் கிடையாது.”

தலையைக் குனிந்து நின்றவர், முதல் கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தார்.

போதகர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சபையாரே, பார்த்தீர்களா! போகாதவன் போனேன் என்பான், அது உலகம். போனவர் போகவில்லை என்கிறார், இது தாழ்மை!”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை.

“ஐயா, அப்படியில்லை. சத்தியமாகவே நான் போகவில்லை.”

“போதும் ஐயா, போதும். இதற்குமேல் தாழ்த்தினால் எங்களால் தாங்க முடியாது.”

பின் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம் சொன்னது ஞானசிகாமணியின் காதில் விழுந்தது: “எத்தன சுறாவப் பாத்திருந்தா இந்தத் தாழ்ம வரும்!”

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது வரிசையில் நின்று கைகுலுக்கினார்கள். இத்தனை நாள் அந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகத்தோடு இருந்தவர்கள்கூட அன்றைக்கு நம்பிவிட்டார்கள். பொய் சொல்லி நாலு ஊரில் சம்பாதித்ததைவிட, உண்மை சொல்லி ஒரே காலையில் அவர் அதிகம் சம்பாதித்துவிட்டார். கூண்டில் இறங்குவதை அடுத்த சனிக்கிழமைக்குப் போதகரே ஜெபம் பண்ணி நிச்சயித்தார்.

சனிக்கிழமை காலை சுருளியாண்டியின் தோட்டத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகிற ஜீப்புகள் மலையேறாமல் அங்கேயே நின்றுவிட்டன. சுண்டல்காரர் இரண்டாம் சட்டியைத் திறந்துவிட்டார். குமுளியிலிருந்து இறங்கி வந்த ஒரு சேட்டன், “இவிடெயானோ ஸ்ராவு?” என்று விசாரித்தார். “சுறா இல்ல சேட்டா, சுறாவப் பாத்த ஆளு,” என்று ஞானசிகாமணியைக் காட்டினார்கள். சேட்டன் ஏமாந்துபோனது முகத்தில் தெரிந்தது.

கூண்டுக்குச் சந்தனம், குங்குமம், மாலை, நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் எல்லாம் சுருளியாண்டி ஏற்பாடு. அதன் முன்னால் நின்று ஜெபம் பண்ணியது போதகர் ஏற்பாடு. எந்தப் பக்கத்திலிருந்தும் குறை வரக்கூடாது என்பதில் எல்லோரும் கவனமாக இருந்தார்கள். கிணற்று மேட்டில் மூன்று கால் நட்டு, செயின் பிளாக் கட்டி, கூண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் கம்ப்ரசர் தடதடத்தது.

நடுவில் ஞானசிகாமணி கழுத்தில் மாலையோடு நின்றார். லாரி டயருக்குத் தலை முளைத்தது போல இருந்தார். உடுப்புக்குள் வேர்வை கணுக்கால் வரைக்கும் இறங்கியிருந்தது. கிணற்றில் இறங்காமலேயே பாதி முங்கிவிட்டார்.

“மொதலாளி,” சுருளியாண்டி கிட்டத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார், “உங்கள நம்பித்தான் நேத்தே பாத்தியெல்லாம் கட்டி வச்சிருக்கேன்.”

ஞானசிகாமணி அவரைப் பார்த்தார். கூண்டுக் கதவைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் ஒரு டாக்சி வந்து நின்றது. அதிலிருந்து ஏசுதாசனும் ஜெபமணியும் இறங்கினார்கள். லீவில் வந்தவர்கள். மதுரையிலிருந்து நேராகத் தேனிக்கு வந்து, கடை பூட்டியிருப்பதைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர் சொன்ன அடையாளத்தில் இங்கே வந்துவிட்டார்கள்.

ஏசுதாசன் சஃபாரி சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். “என்ன மச்சான் இது வேசம்?”

ஞானசிகாமணிக்கு வானம் திறந்தது போலிருந்தது. லாரி டியூப் கீச்சிட இரண்டு எட்டு வைத்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார்.

“எல்லாரும் கேளுங்க! நான் பொய் சொன்னேன். கூண்டுக்குள்ள போனவரு இவருதான். எங்க மாப்பிள்ள. மூக்குல தட்டுனது மட்டும் எங்கற்பனை. மத்ததெல்லாம் இவரு கதை!”

போதகர் கைக்குட்டையைத் தேடினார். ஆனால் அதற்குள் ஏசுதாசனுக்கு ரோசம் வந்துவிட்டது.

“என்னது? எங்கதைய நீங்க போனதாச் சொல்லிக்கிட்டிருக்கீகளா? நல்லாருக்கு மச்சான்! உயிரக் குடுத்துக் கடல்ல எறங்குனது நான். மூஞ்சிக்கு நேரா வந்து நின்ன சுறாவக் கண்ணோட கண்ணாப் பாத்தது நான். பேரு உங்களுக்கா?” கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கண்ணாடியைக் கழற்றினார். “நான்தான்யா போனேன்!”

“அப்ப வாங்க,” என்று சுருளியாண்டி கூண்டுக் கதவைத் திறந்தார்.

“எங்க?”

“கெணத்துக்குள்ள. ஆரு எறங்குனா எனக்கென்ன, தண்ணி வந்தாச் சரி.”

ஞானசிகாமணியின் கழுத்திலிருந்த மாலை ஏசுதாசன் கழுத்துக்கு மாறியது. ரப்பர் உடுப்பைப் பஞ்சர்க் கடைக்காரர் உரித்தெடுத்து ஏசுதாசன் கையில் கொடுத்தார். கீழே ஒரு சீவன் கிடக்கிற விவரத்தையும் யாரோ சொன்னார்கள்.

ஏசுதாசன் கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “கம்பி எடவெளி தப்பு. அங்க இருந்தது வேற அளவு.”

“அதவிட ஒரு சுத்து கெட்டியாத்தான் அடிச்சிருக்கேன்,” என்றார் ஆதித்தன்.

“இந்த உடுப்பு... இது லாரி டியூபு. அங்கெல்லாம் தனி ரப்பர்.”

“லோடு தாங்கும் சார்,” என்றார் பஞ்சர்க் கடைக்காரர்.

ஞானசிகாமணி காதைத் தீட்டிக்கொண்டார். தன் கடைச் சரக்கு அடுத்த கடையில் விற்பதைக் கண்ட வியாபாரிக்கு வருகிற ஒரு சந்தேகம் அவருக்கு வந்தது. இதற்கடுத்து என்ன வரும் என்பதை அவரால் விரல்விட்டுச் சொல்ல முடிந்தது.

“எனக்கொண்ணுமில்ல. ஜெபமணிதான் விடமாட்டா,” என்றார் ஏசுதாசன்.

வந்துவிட்டது.

எல்லோரும் ஜெபமணியைத் தேடினார்கள். அவள் கிணற்று மேட்டில் குத்தவைத்து, பங்கிராசின் காலைத் தன் பக்கம் திருப்பிக் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏசுதாசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “உண்மையச் சொல்லப்போனா, நான் அப்படியொண்ணும் பெரிசா...”

போதகர் கைக்குட்டையை வெளியே எடுத்துவிட்டார். “ஆகா! குடும்பமே தாழ்மைக் குடும்பம்!”

“ஆத்தா, என்னா பாக்குறீக?” என்று பங்கிராஸ் கேட்டார்.

“பல்லுத் தடமே இல்லண்ணே. கத்தரி வச்சு வெட்டுனாப்பல ஒரே வெட்டு. முதலையுமில்ல, பாம்புமில்ல, ஆமை. மடை வழியா வந்து விழுந்திருக்கும். கம்பிக்கு இந்தப் பக்கம் நம்ம இருந்தா அதுபாட்டுக்குப் போயிரும்.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. சுருளியாண்டி ஏசுதாசனைப் பார்த்தார். “வெறும் ஆமைதானாம். எறங்குங்க.”

“ஆமையில வெசமுள்ள வகை ஒண்ணு இருக்கு,” என்றார் ஏசுதாசன். மச்சானைப் பார்த்தார். மச்சானும் அவரைப் பார்த்தார். ‘அப்ப நீங்களாவது போனீகளா?’ என்ற கேள்வி ஞானசிகாமணியின் நாக்கு நுனி வரை வந்து நின்றது.

ஜெபமணி எழுந்தாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சாராளிடம் கொடுத்தாள். சேலை முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு வந்து, புருஷன் கையிலிருந்த ரப்பர் உடுப்பை வெடுக்கென்று வாங்கினாள்.

“குடுங்க இங்கன. அன்னைக்கும் இப்படித்தான், இவுக படகு மூலையில வாளியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுக் கெடந்தாக, கூண்டுக்குள்ள போனவ நான்தான்.”